ஒரு பழைய பாட்டுக்குள்ள நம்மள எப்படித் தேடுறது? புறநானூறு 243 வச்சு ஒரு எளிய விளக்கம்

கவிதை படிக்கணும்னு ஆசை இருக்கு, ஆனா படிச்சா எனக்கு ஒண்ணும் தோண மாட்டேங்குதுன்னு சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். உண்மைல எல்லாருக்கும் ஏதோ ஒண்ணு தோணத்தான் செய்யுது, ஆனா தோணினது சரியான பதிலா தப்பான பதிலான்னு ஒரு பயம் உடனே வந்து அத அமுக்கிடுது. ஸ்கூல்ல நமக்கு கவிதை அறிமுகமானதே அப்படித்தான். இப்பாடலின் மையக்கருத்து யாது, திணை துறை எழுதுக, நயம் பாராட்டுக. எதுகை நயம், மோனை நயம், அணி நயம்னு தலைப்பு போட்டு நாலு நாலு வரி எழுதினா மார்க் வந்துரும். அதெல்லாம் தேவையில்லன்னு நான் சொல்லவே மாட்டேன், அந்தப் பயிற்சி இல்லாம சங்கப் பாட்டுக்குள்ள நுழையவே முடியாது. ஆனா அந்த கேள்வித்தாள்ல ஒரு கேள்வி மட்டும் எந்த வருஷமும் வராது: இதப் படிச்சப்ப உனக்கு என்ன ஆச்சு?

அந்தக் கேள்விக்கு எப்படி பதில் தேடுறதுன்னுதான் இங்க பார்க்கப் போறோம். குறிப்பா, நான் யாரு, நான் எவ்ளோ மாறிட்டேன்ங்கற விஷயத்த ஒரு பாட்டு மூலமா எப்படி யோசிக்கிறதுன்னு.

முதல்ல ஒரு அடிப்படை. ஒரு பாட்டுல ரெண்டு விதமான அர்த்தம் இருக்கு. ஒண்ணு, அந்த வரிகள் என்ன சொல்லுதுங்கறது, இது எல்லாருக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான், உரைய பார்த்தா தெரிஞ்சுரும். இன்னொண்ணு, அந்த வரிகள் என் வாழ்க்கைல எங்க வந்து இடிக்குதுங்கறது, இது ஆளுக்கு ஆள் வேற. ரெண்டாவது வேணும்னா முதலாவத தாண்டித்தான் போகணும், குறுக்கு வழி கிடையாது. வரி என்ன சொல்லுதுன்னே பார்க்காம "எனக்கு இப்படித் தோணுது"ன்னு ஆரம்பிச்சா, நாம ஏற்கனவே நெனச்சுட்டு இருந்தத பாட்டு மேல ஒட்டி வைக்கிறோம், அவ்வளவுதான். அதுல புதுசா நம்மளப் பத்தி ஒண்ணும் தெரிய வராது.

சரி, பாட்டுக்கு வருவோம். புறநானூறு 243. பல வருஷமா நான் திரும்பத் திரும்ப போய் நிக்கிற பாட்டு இது.

இனிநினைந்து இரக்கம் ஆகின்று, திணிமணல்
செய்வுறு பாவைக்குக் கொய்பூத் தைஇத்
தண்கயம் ஆடும் மகளிரொடு கைபிணைந்து,
தழுவுவழித் தழீஇத், தூங்குவழித் தூங்கி,
மறையெனல் அறியா மாயமில் ஆயமொடு
உயர்சினை மருதத் துறையுறத் தாழ்ந்து
நீர்நணிப் படிகோடு ஏறிச், சீர்மிகக்
கரையவர் மருளத், திரையகம் பிதிர,
நெடுநீர்க் குட்டத்துத் துடுமெனப் பாய்ந்து,
குளித்துமணற் கொண்ட கல்லா இளமை
அளிதோ தானே! யாண்டுண்டு கொல்லோ?
தொடித்தலை விழுத்தண்டு ஊன்றி, நடுக்குற்று,
இருமிடை மிடைந்த சிலசொல்
பெருமூ தாளரேம் ஆகிய எமக்கே.

பயப்படாதீங்க, மெதுவா ஒருதடவ வாய்விட்டுப் படிச்சாலே பாதி புரிஞ்சுரும். சும்மா பேச்சுத் தமிழ்ல சொன்னா இப்படி வரும்: இப்ப நெனச்சா பாவமா இருக்கு. மணல்ல பொம்மை செஞ்சு அதுக்குப் பறிச்ச பூவ வச்சு விளையாடி, குளத்துல குளிக்கிற பொண்ணுங்களோட கை கோத்துக்கிட்டு, அவங்க தழுவினா தழுவி, அவங்க அசைஞ்சா கூடவே அசைஞ்சு ஆடி, ஒளிவு மறைவே தெரியாத கூட்டாளிகளோட சேர்ந்து, துறைய தொடுற மாதிரி தாழ்ந்து தண்ணிக்கு பக்கத்துல வளைஞ்சு கெடக்குற மருதமரக் கிளை மேல ஏறி, கரைல நிக்கிறவங்க மெரள, தண்ணி தெறிக்க, ஆழமான மடுவுல துடும்னு குதிச்சு, அடி வரைக்கும் முங்கி மணல அள்ளிட்டு வந்த அந்த ஒண்ணுந்தெரியாத இளமை, அது பாவம், அது இப்ப எங்க இருக்கோ? பூண் போட்ட பெரிய தடிய ஊனிக்கிட்டு, ஒடம்பு நடுங்கி, இருமலுக்கு நடுவுல ஒண்ணு ரெண்டு வார்த்தை பேசுற பெரிய கெழமா ஆகிப்போன எங்களுக்கு.

இதான் பாட்டு. இதோட மையக்கருத்து என்னன்னு கேட்டா இளமை நிலையாமைன்னு ரெண்டு சொல்லுல எழுதி அடுத்த கேள்விக்கு போயிடலாம். ஆனா "இளமை நிலைக்காது"ன்னு தெரிஞ்சுக்க யாருக்கும் ஒரு பாட்டு தேவையில்ல, அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். தெரிஞ்ச ஒரு விஷயத்தச் சொல்ல இவரு ஏன் மரக்கிளை தண்ணிக்கு எவ்ளோ பக்கத்துல இருந்துச்சுன்ற வரைக்கும் சொல்றாரு? அங்கதான் நம்ம வேலை ஆரம்பிக்குது.

இப்ப நீங்க செய்ய வேண்டியது ரொம்ப சின்ன விஷயம். பாட்ட இன்னொரு தடவ படிங்க, எந்த இடத்துல ஒரு நொடி நிக்கிறீங்கன்னு மட்டும் கவனிங்க. பிடிச்ச இடமா இருக்கணும்னு இல்ல, எரிச்சல் வர்ற இடமா கூட இருக்கலாம், புரியாத இடமா கூட இருக்கலாம். நின்ன எடத்துல, ஏன் நின்னேன்னு கேளுங்க. மொத்தப் பாட்டுக்கும் அர்த்தம் கண்டுபிடிக்கணும்னு அவசியமே இல்ல.

எனக்கு இருபது வயசுல நின்ன இடம் அந்த "துடுமென". அந்த சத்தம், அந்த தைரியம், கரைல பார்த்துட்டு நிக்கிற ஆளுங்க. இப்ப படிச்சா அங்க நிக்க முடியறதில்ல, கண்ணு நேரா "மறையெனல் அறியா மாயமில் ஆயம்"ங்கற இடத்துக்குப் போயிடுது. ஒளிச்சு வைக்கத் தெரியாத, சூது இல்லாத கூட்டாளிங்க. இத படிக்கிறப்ப நான் யார் யார்கிட்ட என்னென்ன மறைச்சு பேசுறேன்னு ஒரு கணக்கு மனசுல ஓட ஆரம்பிச்சுருது, ஆஃபீஸ்ல ஒரு முகம், சொந்தக்காரங்க கிட்ட ஒரு முகம், பழைய ஃப்ரெண்டு போன் பண்ணா கூட "எல்லாம் நல்லா போகுது"ன்னு ஒரு பதில். பாட்டுல ஒரு எழுத்து கூட மாறல. நிக்கிற இடம் மாறியிருக்கு, அப்ப மாறினது யாருன்னு தெளிவா தெரியுது. சின்னப் பசங்க உயரத்த நிலைக்கதவுல பென்சில் கோடு போட்டு வைப்பாங்கல்ல, கதவு அசையாம இருக்கறதாலதான் புள்ள வளந்தது தெரியுது, திரும்பப் படிக்கிற பாட்டு அந்த வேலையத்தான் செய்யுது. நாளுக்கு நாள் மாறுறது நமக்கு நேரா தெரியாது, மாறாத ஒண்ணு பக்கத்துல இருந்தாத்தான் தெரியும்.

என் ஃப்ரெண்ட் ஒருத்திக்கு இதப் படிச்சுக் காட்டினேன். அவ குதிக்கிற இடத்துலயும் நிக்கல, தடி ஊனுற இடத்துலயும் நிக்கல. "அந்த மணல் பொம்மைக்கு பூ வச்ச பொண்ணுங்க என்ன ஆனாங்க?"ன்னு கேட்டா. நான் அத யோசிச்சதே கிடையாது. மூணாவது வரில கை கோத்துக்கிட்டு இருந்தவங்க அதுக்கப்புறம் பாட்டுல எங்கயுமே இல்ல, கிளைல ஏறினது இவரு, குதிச்சது இவரு, கெழவனானதும் இவரு. அந்தப் பொண்ணுங்களும் கெழவி ஆயிருப்பாங்கல்ல, அவங்களுக்கு இந்த மாதிரி நெனச்சுப் பார்த்து பாட ஒரு பாட்டு இருந்துச்சான்னு அவ கேட்டப்ப, அவளப் பத்தி அவளே கேட்டுக்கிட்ட கேள்வி அதுன்னு எனக்குப் புரிஞ்சுது. கல்யாணத்துக்கு முன்னாடி நல்லா நீச்சல் அடிப்பா, அப்புறம் தண்ணில எறங்கவே இல்ல. இதுவும் அந்தப் பாட்டுல இருந்து வந்த அர்த்தம்தான், பாட்டு சொல்லாம விட்ட இடத்துல இருந்து வந்தது.

இங்க ஒரு முக்கியமான விஷயம் சொல்லியாகணும். அப்படின்னா யாருக்கு என்ன தோணினாலும் சரியான்னு கேட்டா, கிடையாது. தோணினத பாட்டுகிட்ட திரும்ப எடுத்துட்டுப் போய் கேட்டுப் பார்க்கணும், அது தாங்குதான்னு. என் ஃப்ரெண்டோட கேள்விய எடுத்துட்டுப் போனா பாட்டு தாங்குது, அந்தப் பொண்ணுங்க உண்மையாவே வர்றாங்க, உண்மையாவே காணாம போறாங்க. அதுமட்டுமில்ல, கடைசில "பெருமூதாளரேம்", "எமக்கே"ன்னு பன்மைல சொல்றாரு, ஒரு கூட்டமா சேர்த்துப் பேசுறாரு, அந்தக் கூட்டத்துக்குள்ள அவங்களும் இருக்காங்கன்னு ஒருத்தர் படிச்சா கூட பாட்டு மறுக்கல.

இப்ப வேற ஒரு படிப்ப பாருங்க. "இளமைதான் வாழ்க்கை, அதனால இருக்கறப்பவே நல்லா அனுபவிச்சுடணும், இதத்தான் இந்தப் பாட்டு சொல்லுது"ன்னு ஒருத்தர் சொல்றாருன்னு வைங்க. கேக்க நல்லா இருக்கு. ஆனா பாட்டுகிட்ட கொண்டுபோனா இடிக்குது. இவரு அந்த இளமைய பெருசா புகழல, "கல்லா இளமை"ன்னு சொல்றாரு, எதையும் கத்துக்காத இளமை. "அளிதோ தானே"ன்னு அது மேல பரிதாபப்படுறாரு. பொறாமை இல்ல, அது திரும்ப வேணும்னு ஒரு சொல் கூட இல்ல, வீணாக்கிட்டேன்னு புலம்பலும் இல்ல. நான் திரும்பத் திரும்ப படிச்சுப் பார்த்ததுல, இவரு பாவம்னு சொல்றது கெழவனான தன்னைப் பார்த்து இல்ல, தண்ணிக்குள்ள குதிச்ச அந்தப் பையனப் பார்த்துதான். தனக்கு என்ன ஆகப் போகுதுன்னு தெரியாமயே மணல அள்ளிட்டு மேல வர்றானே, அவனப் பார்த்து. இப்படிப் படிச்ச அன்னைக்குதான் என்னோட பழைய வயச நான் நெனச்சுப் பாக்குற விதமே மாறுச்சு, அதுவரைக்கும் ஒண்ணு ஏக்கமா நெனப்பேன் இல்லன்னா கூச்சப்படுவேன், அய்யோ பாவம்னு அந்தப் பையன் மேல இரக்கப்படலாம்னு எனக்குத் தோணினதே இல்ல. நாம ஏற்கனவே வச்சிருக்குற கருத்துக்கு பாட்டு ஒத்துவராத இடம் எதுவோ அதுதான் நமக்கு ஏதாவது புதுசா கொடுக்குற இடம், இத நான் ரொம்ப உறுதியா நம்புறேன்.

"யாதும் ஊரே யாவரும் கேளிர்" கதையும் இதேதான், புறநானூறு 192. முதல் வரி மேடைக்கு மேடை கேக்குது. ஆனா அதுக்கு அடுத்த வரி, தீதும் நன்றும் பிறர் தர வாரா. அப்புறம் ஆத்து வெள்ளத்துல போற தெப்பம் மாதிரி உயிர் அதோட முறைப்படி போகும்னு வருது, அதனால பெரியவங்கள வியக்கறதும் இல்ல, சின்னவங்கள இகழறது அதவிட இல்லன்னு முடியுது. முதல் வரில மட்டும் நின்னுட்டா நம்மள நாமே பாராட்டிக்கிட்டு கெளம்பிடலாம். ரெண்டாவது வரிக்குப் போனா, எனக்கு நடந்த கெட்டதுக்கெல்லாம் நான் யார் யார கை காட்டிட்டு இருக்கேன்னு உக்காந்து யோசிக்க வேண்டி வரும்.

243க்கு திரும்புவோம், ஏன்னா இதுல நான் இன்னும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கு, சொல்லப்பட்ட விதம். பலபேர் இத இலக்கணம்னு தள்ளிட்டுப் போயிடுவாங்க, ஆனா சொந்த அர்த்தம் பாதிக்கு மேல இங்கதான் கெடக்கு. மொத்தம் 14 வரி. அதுல முதல் பத்து வரி முழுக்க இளமை, ஒரே மூச்சுல, பிணைந்து, தழீஇ, தூங்கி, ஏறி, பாய்ந்து, குளித்துன்னு வினை மேல வினையா ஓடுது, எங்கயும் நிக்கல, அந்தப் பையன் நிக்காத மாதிரியே. பதினோராவது வரில திடீர்னு ஒரு கேள்வி, எங்க இருக்கோன்னு. அதுக்கப்புறம் முதுமைக்கு வெறும் மூணு வரி. அதுல "இருமிடை மிடைந்த சிலசொல்", அதாவது இருமலுக்கு நடுவுல சில சொல்னு சொல்ற அந்த வரிய மட்டும் எண்ணிப் பாருங்க, மூணே சீர்தான், மத்த வரியெல்லாம் நாலு சீர். இந்தப் பாட்டு நேரிசை ஆசிரியப்பாங்கற பா வகை, அதுல கடைசிக்கு முந்தின அடி மூணு சீர்ல வரணும்ங்கறது பொதுவான விதி, இவரு புதுசா கண்டுபிடிச்சது கிடையாது. ஆனா விதிப்படி குறைஞ்சு வரவேண்டிய அந்த ஒரே இடத்துல, மூச்சு குறைஞ்சு சொல் குறைஞ்ச விஷயத்தக் கொண்டுபோய் வச்சிருக்காரு பாருங்க, வாய்விட்டுப் படிச்சா அங்க நமக்கே மூச்சு நின்னுரும்.

இன்னொண்ணு, இந்தப் பாட்ட எழுதினவரோட உண்மையான பேரு நமக்குத் தெரியாது. பாட்டுல வர்ற சொல்ல வச்சே தொடித்தலை விழுத்தண்டினார்னு பேரு கொடுத்திருக்காங்க, குறுந்தொகைல செம்புலப்பெயனீரார்னு பேர் வந்த மாதிரிதான். பத்து வரி தன் நீச்சலப் பத்தி சொன்ன மனுஷனுக்கு கடைசில ஒரே வரில வந்த தடிதான் பேரா நின்னிருக்கு. நாம நம்மள ஒரு மாதிரி நெனச்சுட்டு இருக்கோம், உள்ளுக்குள்ள நாம இன்னும் அந்தக் கிளை மேலதான் நிக்கிறோம், வெளில இருக்குறவங்களுக்கு கைல இருக்குற தடிதான் அடையாளம். உங்க விஷயத்துல அந்தத் தடி எதுன்னு யோசிச்சுப் பாருங்க, வேலைப் பதவியா இருக்கலாம், ஒரு வியாதியா இருக்கலாம், இன்னாரோட அம்மாங்கற பேரா கூட இருக்கலாம்.

அப்புறம் இந்தப் பாட்டோட துறை, அதாவது எந்தச் சந்தர்ப்பத்துக்கான பாட்டுன்னு பிரிக்கிற வகை. இந்தப் பாட்டுக்கு கையறுநிலைன்னு துறை போட்டிருக்காங்க. கையறுநிலைன்னா பொதுவா தலைவனோ வள்ளலோ செத்துப் போனப்ப செயலத்துப் போய் பாடுற பாட்டு. இதுக்கு நேர் முன்னாடி இருக்குற 242ஆவது பாட்டு, சாத்தன் மாய்ந்த பிறகு முல்லையே நீ பூத்தியான்னு கேக்குறது, அதுவும் கையறுநிலைதான். அங்க செத்துப் போன ஒரு வீரன் இருக்கான். 243ல யாரும் சாகல, பாடுற ஆளே உசுரோட தடிய ஊனிக்கிட்டு நிக்கிறாரு. அப்ப யாருக்கு இந்த ஒப்பாரி? தன்னோட பழைய தனக்கு. உசுரோட இருக்குற ஒருத்தர் தன்னோட முந்தின ஒரு உருவத்துக்கு துக்கம் கொண்டாடலாம்னு அந்தக் காலத்துலயே இந்தப் பாட்டுக்கு துறை வகுத்தவங்க ஒத்துக்கிட்டிருக்காங்க. மாற்றத்தப் பத்தி யோசிக்கிறவங்களுக்கு இது பெரிய விஷயம். நாம வேல மாறுறோம், ஊர் மாறுறோம், ஒரு உறவு முடிஞ்சு போகுது, ஒடம்பு முன்ன மாதிரி இல்லாம போகுது, வெளில இருந்து பார்த்தா எதுவும் சாகல, அதனால துக்கப்பட உரிமை இல்லன்னு நாமளே நெனச்சுக்கிறோம், மத்தவங்களும் "அதான் நல்லாத்தான இருக்க"ன்னு சொல்லிடறாங்க.

இதே எண்ணத்த இன்னும் வெட்டுன்னு சொல்ற ஒரு பாட்டு குண்டலகேசில இருக்கு. ஐம்பெருங்காப்பியத்துல ஒண்ணு, பௌத்த காப்பியம், முழு நூல் நமக்குக் கிடைக்கல, கொஞ்சம் பாட்டுதான் மிச்சம். அதுல இப்படி வருது: பாளையாம் தன்மை செத்தும், பாலனாம் தன்மை செத்தும், காளையாம் தன்மை செத்தும், காமுறும் இளமை செத்தும். கருவா இருந்தது செத்துச்சு, கொழந்தையா இருந்தது செத்துச்சு, காளைப் பருவம் செத்துச்சு, ஆசைப்படுற இளமை செத்துச்சு, நாளும் செத்துக்கிட்டேதான் இருக்கோம், கடைசில கேக்குது, நமக்கு நாம் அழாதது என்னோன்னு. யாரோ செத்தா அழற, உனக்கு நீ ஏன் அழல? ரெண்டையும் பக்கத்துல வச்சுப் படிங்க. புறநானூற்றுக் கெழவரு "எங்க இருக்கோ"ன்னு கேக்குறாரு, அது எங்கயோ இருக்குன்னு அவருக்கு இன்னும் ஒரு நெனப்பு, திரும்பிப் பார்த்தா தண்ணி தெறிக்கிறது கூட தெரியுது. குண்டலகேசி அந்த நெனப்புக்கு எடமே கொடுக்கல, செத்துச்சுன்னுதான் சொல்லுது. இதுல எது உண்மைன்னு வாதம் பண்ண நான் வரல. நீங்க உங்க மாற்றங்கள நெனைக்கிறப்ப எந்தக் குரல்ல நெனைக்கிறீங்கன்னு பாருங்க, எங்கயோ இருக்குன்னா இல்ல முடிஞ்சு போச்சுன்னா. எனக்கு விஷயத்துக்கு விஷயம் மாறுது. சில ஊர்கள், சில ஆளுங்க, அது எங்கயோ இருக்குன்னுதான் இன்னும் தோணுது. சில விஷயம் செத்துப் போச்சுன்னு ஒத்துக்கிட்ட பிறகுதான் அழவே முடிஞ்சுது.

ஆரம்பிக்கிறவங்களுக்கு கைல புடிச்சுக்க சில விஷயம். உரைய முதல்லயே பார்க்கலாம், அதுல வெட்கப்பட ஒண்ணும் இல்ல, உ.வே.சாமிநாதையர் 1894ல புறநானூற்ற பழைய உரையோட பதிப்பிச்சதே நாம எல்லாரும் படிச்சுப் புரிஞ்சுக்கத்தான். ஆனா உரை சொன்னதோட நிறுத்திடாதீங்க. ஒரு நோட்ல தேதி போட்டு, எந்த வரில நின்னேன், ஏன்னு ரெண்டு வரி எழுதி வைங்க, அழகா எழுதணும்னு இல்ல. யாருக்கும் காட்ட வேண்டாம், காட்டணும்னு நெனச்சு எழுதினா அடுத்தவங்களுக்குப் பிடிக்கிற அர்த்தமாத் தேட ஆரம்பிச்சுடுவோம். கொஞ்ச மாசம் விட்டுட்டு அந்த நோட்டப் பார்க்காம பாட்ட மறுபடி படிங்க, அப்புறம் நோட்டத் திறங்க. ஒண்ணும் தோணலன்னா தோணலன்னே எழுதி வைங்க, அந்தப் பாட்டுக்கு இன்னும் நேரம் வரலன்னு அர்த்தம், எல்லாப் பாட்டும் எல்லாருக்கும் பேசணும்னு சட்டம் இல்ல.

243 படிச்சு முடிச்சதும் 191க்குப் போங்க, பிசிராந்தையார் பாட்டு. அவருக்கும் வயசு நெறைய ஆச்சு, ஆனா நரை இல்ல. எப்படின்னு கேக்குறவங்களுக்கு பதில் சொல்றாரு, மனைவி நல்ல குணம், பிள்ளைங்க அறிவு நெறஞ்சவங்க, ஏவலாளுங்க நான் நெனைக்கிறதையே நெனைக்கிறாங்க, அரசன் தப்பு செய்யாம காக்குறான், எல்லாத்துக்கும் மேல நான் இருக்குற ஊர்ல அடக்கமான கொள்கை உள்ள சான்றோர் பல பேர் இருக்காங்கன்னு. கவனிச்சுப் பாருங்க, அவரு சொல்ற காரணத்துல ஒண்ணு கூட அவரு ஒடம்பப் பத்தியோ அவரு தனியா செஞ்சத பத்தியோ இல்ல, எல்லாமே அவரச் சுத்தி இருக்குறவங்க. சிலருக்கு அது பெரிய ஆறுதலா இருக்கும், சிலருக்கு இதுல எதுவுமே எனக்கு வாய்க்கலையேன்னு கோவம் கூட வரலாம். கோவம் வந்தா பாட்ட மூடி வச்சுடாதீங்க, அந்த அஞ்சு காரணத்துல எதப் படிச்சப்ப வந்துச்சுன்னு அந்த நோட்ல எழுதிக்கோங்க.